எழுத்தறிவு நிதியும் தொழிலாளர் கடமையும்

தோட்டப் பிள்ளைகளின் எழுத்தறிவுக்கென்று யாராவது நிதி கேட்டு வந்தால், கிளைக் கூட்டங்களில் இரண்டு குரல்கள் எழுவது வழக்கம். "பிள்ளைகள் காரியம், ஆளுக்கு ஐந்து வெள்ளி எழுதுங்கள்" என்பது ஒரு குரல். "பள்ளிக்கூடம் நடத்துவது சர்க்கார் வேலை, அதற்கும் நாம்தான் காசு கொடுக்க வேண்டுமா?" என்பது மற்றொரு குரல். இரண்டும் நம் தோழர்களின் குரல்கள்தாம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பேச்சு அங்கேயே நின்றுவிடுவதும், ரசீதுப் புத்தகம் மேசைமேல் கிடந்தபடியே கூட்டம் கலைந்துவிடுவதும் நல்லதல்ல. பிள்ளைகளின் எழுத்துக்குக் கொடுப்பவர்கள் ஏன் கொடுக்கிறார்கள், கொடுத்துவந்தவர்கள் ஏன் நிறுத்துகிறார்கள், நாம் கொடுப்பதானால் எதைக் கேட்டுக்கொண்டு கொடுக்க வேண்டும் என்பவற்றை அமைதியாக ஆராய்வது நம் கடமையாகும்.

முதலில் பழைய கணக்கைப் பார்ப்போம். இந்நாட்டில் தமிழ்க் கல்வியின் தொடக்கம் 1816-ஆம் ஆண்டு பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் என்பது யாவரும் அறிந்தது. பின்னர் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டம் விதித்ததே தவிர, அந்தப் பள்ளிகள் பல இடங்களில் எப்படி இருந்தன என்பதை நம் பாட்டன்மார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஆயாக் கொட்டகையின் ஒரு மூலையே வகுப்பறை. காலையில் பெரட்டு முடித்துவிட்டு வரும் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். ஒரே வாத்தியார், வகுப்பு மட்டும் நான்கு. மரத்தடியில் ஒட்டுப்பால் பொறுக்க ஆள் வேண்டுமென்றால் அன்றைக்குப் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. துரைமார் பள்ளி வைத்தது பிள்ளை படிக்க வேண்டும் என்பதைவிட, குடும்பம் தோட்டத்தைவிட்டுப் போகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே.

அந்த நிலையிலும் நம் மக்கள் எழுத்துக்குக் கொடுக்கத் தயங்கவில்லை. 1950-களில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று இயக்கம் நடத்தினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்று பெயரிட்ட அந்த நிதிக்கு, நகரத்துக் கடைக்காரர்களோடு தோட்டத் தொழிலாளர்களும் சிறு சிறு தொகைகளாகக் கொடுத்தார்கள். 1956-இல் அப்பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைந்தது. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தின் வாசற்படியை மிதித்தவர்கள் அல்லர். தங்கள் பிள்ளை அங்கே போகும் என்று உறுதியாக நம்பக்கூடிய காலமும் அதுவன்று. என்றாலும் கொடுத்தார்கள். தன் வீட்டுக்கு வராத ஒரு பயனுக்காகத் தொழிலாளி கொடுத்த காசு அது.

அதன்பின் 1960-இல் துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுதுண்டாக விற்றுக்கொண்டிருந்த காலம். லயங்கள் காலியாயின, குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அப்போது பால் வெட்டும் தொழிலாளர்கள் நூறு வெள்ளிப் பங்கைத் தவணை தவணையாகக் கட்டினார்கள். 1961-இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் அவர்கள் காசில் வாங்கப்பட்டது. இது தானம் அன்று, முதலீடு. கட்டியவர் பெயரில் பங்கு இருந்தது. இலாபம் வந்தால் கைக்கு வரும். எழுத்தறிவு நிதியில் அப்படிப்பட்ட பங்குச் சீட்டு கிடையாது. அதில் போடும் வெள்ளியின் பலன் யார் வீட்டுப் பிள்ளையிடமோ போய்ச் சேரும். இந்த வித்தியாசத்தை மறைத்துப் பேசி நிதி கேட்பவர்கள் தவறு செய்கிறார்கள். திரும்பி வராது என்று தெரிந்தும் கொடுக்கிறவனிடம் உண்மையைச் சொல்லிக் கேட்பதே மரியாதை.

அப்படியானால் கொடுப்பவர்கள் எதனால் கொடுக்கிறார்கள்?

ஒரு வகையினர், படித்ததால் உயர்ந்தவர்கள். லயத்தில் பிறந்து, மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, இன்று கிராணியாகவோ ஆசிரியராகவோ வழக்கறிஞராகவோ இருப்பவர்கள். தங்களைக் கைதூக்கிவிட்ட ஒரு வாத்தியார் அவர்கள் நினைவில் இருப்பார். அவருக்குத் திருப்பிச் செலுத்த முடியாத கடனை வேறொரு பிள்ளைக்குச் செலுத்துகிறார்கள். இவர்கள் கொடை நன்றியிலிருந்து பிறப்பது.

இரண்டாவது வகையினர், படிக்க முடியாமற் போனவர்கள். இவர்களைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை. ஆனால் நம் கூட்டங்களில் முதலில் பையைத் திறப்பவர்கள் பெரும்பாலும் இவர்களே. சம்பளச் சீட்டில் எத்தனை நாள் பதிந்திருக்கிறது, எத்தனை கிலோ எழுதியிருக்கிறது, எதற்காகப் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியாமல் பெருவிரலை உருட்டிக் கொடுத்த தலைமுறை இது. ஊழியர் சேமநிதி 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அந்தக் காகிதம் வீட்டுக்கு வந்தபோதும் அதைப் படித்துச் சொல்லக் கிராணி வீட்டு வாசலில் காத்து நின்றவர்கள் எத்தனை பேர்! அந்தக் காத்திருப்பின் கசப்பு தெரிந்தவன், தன் பேரனுக்கு மட்டுமின்றி அடுத்த லயத்துப் பேரனுக்கும் அது வேண்டாம் என்று நினைக்கிறான். இவர்கள் கொடை வலியிலிருந்து பிறப்பது.

மூன்றாவது வகையினர், எழுத்தறிவால் தங்களுக்கும் நன்மை என்று கணக்கிடுபவர்கள். முதலாளிமார், கடைக்காரர், கம்பெனிகள் இவ்வகையில் சேர்வர். இதில் குற்றம் காண்பதற்கு ஒன்றுமில்லை. மருந்தடிக்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். பாராகுவாட் என்னும் களைக்கொல்லி இந்நாட்டில் 2020 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன்பு எத்தனையோ ஆண்டுகள் நம் தாய்மார் அதை முதுகில் சுமந்து தெளித்தார்கள். டப்பாவின்மேல் எச்சரிக்கை அச்சடித்துத்தான் இருந்தது. படிக்கத் தெரியாதவர்க்கு அச்சடித்த எச்சரிக்கையும் வெறும் கோடுதான். படிக்கத் தெரிந்த தொழிலாளி தன் உயிரைக் காத்துக்கொள்கிறான். நிர்வாகத்துக்கும் விபத்து குறைகிறது.

நான்காவது வகையினரும் உண்டு. மேடை, மாலை, பத்திரிகைப் படம், சுவரில் கல்வெட்டு ஆகியவற்றுக்காகக் கொடுப்பவர்கள். இவர்கள் காசையும் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் இவர்கள் பெரும்பாலும் எதற்குக் கொடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். மண்டபத்துக்குக் கொடுப்பார்கள், நுழைவாயில் வளைவுக்குக் கொடுப்பார்கள். ஏனென்றால் அவற்றில் பெயர் பொறிக்க இடம் இருக்கிறது. ஒரு பிள்ளை தடுமாறாமல் ஒரு பக்கம் வாசிக்கக் கற்றுக்கொண்டால் அந்தப் பிள்ளையின் நாக்கில் யார் பெயரையும் பொறிக்க முடியாது. ஆகவேதான் கட்டடத்துக்குக் காசு எளிதில் கிடைக்கிறது; வாசிப்புக்குக் கிடைப்பதில்லை. கூரை வேண்டாம் என்று யாரும் கூறவில்லை. கூரைக்குக் கீழே என்ன நடக்கிறது என்று கேட்க ஆள் வேண்டும் என்றே கூறுகிறோம்.

இனி அந்த இரண்டாவது குரலுக்கு வருவோம். "சர்க்கார் செய்ய வேண்டியதை நாம் ஏன் செய்வது?" இது தொழிற்சங்கவாதி கேட்க வேண்டிய கேள்விதான். 2003-ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் ஆரம்பக் கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்குச் சட்டத்தில் தண்டனை உண்டு. பெற்றோரைக் கட்டாயப்படுத்தும் சட்டம், பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் கடமையையும் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். மேலும், 1957-இல் எண்ணூறுக்கு மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சமாகக் குறைந்துவிட்டன. அவற்றில் பல இன்னும் தோட்டக் கம்பெனியின் நிலத்தில் நிற்கின்றன. நிலம் தனியாருடையது என்ற காரணத்தால் அவை பகுதி உதவி மட்டுமே பெறும் பள்ளிகளாக இருந்து வந்திருக்கின்றன. தோட்டம் கைமாறினால் பள்ளியின் தலையெழுத்தும் ஊசலாடுகிறது. இவற்றையெல்லாம் தர்மப் பணத்தால் தீர்க்க முடியாது, தீர்க்கவும் கூடாது. பள்ளி நிலம், ஆசிரியர் நியமனம், முழு உதவி ஆகியவை உரிமைகள். உரிமையை உண்டியலில் போட்டு வாங்கத் தேவையில்லை. அதற்காகச் சங்கம் வாதாட வேண்டும். தேர்தல் காலத்தில் ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் எழுதி வாங்க வேண்டும்.

ஆனால் இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு இந்த ஆண்டு ஒருமுறைதான் வரும். மகஜர் கொடுத்து, பதில் வந்து, பேச்சுவார்த்தை நடந்து, நியாயம் கிடைப்பதற்குள் அந்தப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகிவிடும். வேலைநிறுத்தக் காலத்தில் நாம் என்ன செய்கிறோம்? கோரிக்கை நிறைவேறும் வரை அடுப்பு எரியட்டும் என்று அரிசி கொடுக்கிறோம் அல்லவா? அரிசி கொடுத்ததால் சம்பளக் கோரிக்கையை விட்டுவிட்டதாக யாரும் சொல்வதில்லை. அரிசி இருந்ததால்தான் கோரிக்கை நின்றது. எழுத்தறிவு நிதியும் அப்படிப்பட்டதே. போராட்டம் முடியும்வரை பிள்ளை பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. எந்த நிதி இந்த எல்லையை மறந்து, "இனிச் சர்க்காரைக் கேட்க வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்கிறதோ, அந்த நிதிக்குச் சங்கத் தோழர்கள் ஒரு காசும் கொடுக்கத் தேவையில்லை.

கொடுப்பவர் நம்பிக்கையை ஒரு நிதி எவ்வாறு சம்பாதிக்கிறது என்பதற்கு இந்தியாவில் ஓர் உதாரணம் உண்டு. 1990-களின் நடுப்பகுதியில் மும்பை நகரின் குடிசைப் பகுதிகளில் 'பிரதம்' என்னும் அமைப்பு தொடங்கியது. பெரிய கட்டடம் எதையும் அது கட்டவில்லை. அந்தந்தப் பகுதியில் வாழும், ஓரளவு படித்த இளம் பெண்களை அமர்த்தியது. மூன்றாம் நான்காம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைகள் இருபது பேர் அளவில் தனியே அமர்த்தப்பட்டு, பள்ளி நேரத்திலேயே நாளைக்கு இரண்டு மணி நேரம் அடிப்படைப் பாடம் கற்பிக்கப்பட்டனர். சர்க்கார் பள்ளியை விட்டுப் பிள்ளையைப் பிரிக்கவில்லை. அந்தப் பள்ளிக்குள்ளேயே வேலை நடந்தது. மும்பையிலும் வடோதராவிலும் இந்த ஏற்பாட்டைப் பொருளியல் அறிஞர்கள் அளந்து பார்த்தார்கள். மிகவும் பின்தங்கியிருந்த பிள்ளைகளே அதிகம் முன்னேறியதாகக் கண்டார்கள். அந்த அறிஞர்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகிய இருவரும் 2019-இல் பொருளியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றவர்கள்.

அதே அமைப்பு 2005-ஆம் ஆண்டு முதல் 'அசர்' என்ற பெயரில் ஓர் ஆய்வு நடத்தி வருகிறது. அதன் முறை எளியது. தொண்டர்கள் கிராமத்தில் வீடு வீடாகப் போகிறார்கள். ஒரே ஒரு தாள். அதில் சில எழுத்துகள், சில சொற்கள், ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சிறு கதை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் அந்தத் தாள் தமிழில் இருக்கும். பிள்ளை எதுவரை வாசிக்கிறது என்று குறித்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். 2022-ஆம் ஆண்டு ஆய்வில் கிராமப்புறப் பிள்ளைகளில் நூற்றுக்கு 98 பேர் பள்ளியில் பெயர் பதிந்திருந்தார்கள். ஆனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றி வாசிக்கக்கூடியவர்கள் நூற்றுக்கு 43 பேர்தான். பள்ளிக்குப் போவது வேறு, வாசிக்கக் கற்பது வேறு என்று பெற்றோரும் சர்க்காரும் நன்கொடையாளரும் ஒருசேரத் தெரிந்துகொண்டது இந்த ஒற்றைத் தாளால்தான். கொடுப்பவர்கள் அந்த அமைப்பை ஆதரிப்பதற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். செலவு குறைவு, வேலை செய்பவர்கள் அக்கம்பக்கத்தார், பலன் காதால் கேட்கக்கூடியது, தோல்வியையும் மறைக்காமல் அச்சிடுகிறார்கள்.

நம் நாட்டிலும் இந்தத் தாள் தேவைப்படும் காலம் வந்திருக்கிறது. 1988 முதல் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு இருந்துவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. அத்தேர்வு பிஞ்சுப் பிள்ளைகளுக்குப் பெருஞ்சுமையாக இருந்தது உண்மையே; அது போனதற்காக நாம் அழவில்லை. ஆனால் தோட்டத்துப் பெற்றோர் கையில் இருந்த ஒரே அளவுகோலும் அதனோடு போயிற்று. அதற்கு முந்திய ஆண்டு, 2020 மார்ச் மாதத்தில், கொள்ளை நோய்க்காகப் பள்ளிகள் மூடப்பட்டன. கைப்பேசி வழியே பாடம் என்றார்கள். ஒரே கைப்பேசியுள்ள வீட்டில், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போனபின், மூன்று பிள்ளைகள் எப்படிப் படித்திருப்பார்கள்? அப்போது எழுத்துப் பழக வேண்டிய வயதில் இருந்த பிள்ளைகள் இப்போது மேல் வகுப்புகளுக்குப் போய்விட்டார்கள். தவறிய எழுத்து தானாக வந்து சேராது. இவர்களோடு, பிறப்புச் சான்றிதழ் இல்லாத காரணத்தால் பள்ளி வாசலிலேயே தடுமாறி நிற்கும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்திரம் இல்லாத பிள்ளைக்கும் அகரம் ஒன்றுதான்.

ஆகவே நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, அங்கத்தினர் கொடுக்கக்கூடிய அளவைத் தெரிந்து கேட்போம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று சட்டம் சொல்கிறது. அதில் ஐந்து வெள்ளி என்பது கணக்கில் சிறியது; ஆனால் மாதக் கடைசியில் அதே ஐந்து வெள்ளி வீட்டின் சீனியும் மாவும். ஆகவே கட்டாயப்படுத்தாமல், சந்தாவோடு குழப்பாமல், விரும்பியவர் விரும்பியதைக் கொடுக்கட்டும். நூறு அங்கத்தினர் மாதம் ஐந்து வெள்ளி கொடுத்தால் ஆண்டுக்கு 6,000 வெள்ளி. கதைப் புத்தகங்களுக்கும், மாலை வகுப்பு நடத்தும் பிள்ளைக்கு ஒரு சிறு அலவன்சுக்கும் அது போதுமான தொடக்கம்.

இரண்டாவது, கணக்கு. கொடுத்தவர்கள் நிறுத்திக்கொள்வதற்குக் காசில்லாமை ஒரு காரணம்; கணக்கில்லாமை பெரிய காரணம். வாங்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று மாதம் முதல் வாரத்தில் பெரட்டுக் களத்தில் தாள் ஒட்டப்பட வேண்டும். அதன் பக்கத்திலேயே இன்னொரு தாள்: வகுப்பில் எத்தனை பிள்ளைகள், அவர்களில் எழுத்து மட்டும் தெரிந்தவர் எத்தனை பேர், சொல் வாசிப்பவர் எத்தனை பேர், கதை வாசிப்பவர் எத்தனை பேர். பிள்ளைகளின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த எண் மாற வேண்டும். மாறவில்லையென்றால் ஏன் என்று கிளைக் கூட்டத்தில் கேட்கப்பட வேண்டும். பால் ஸ்டோரில் நிறுவைக்காரர் எழுதும் எடையை நாம் எட்டிப் பார்ப்பதில்லையா? பிள்ளையின் வாசிப்பையும் அதே கண்ணோடு பார்ப்போம்.

மூன்றாவது, கிராணிமார் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. தொழிலாளிக்கும் கிராணிக்கும் நடுவே ஒரு மேசை அளவு தூரம் எப்போதும் இருந்து வந்திருக்கிறது. ஒரு காலத்தில் லயத்துக் கடிதங்களை எழுதியவரும் நீங்களே; சில இடங்களில் முதல் வாத்தியாரும் நீங்களே. உங்களிடம் நாம் கேட்பது வெள்ளியைவிட அதிகம்: வாரத்தில் இரண்டு மாலை, ஒவ்வொரு மணி நேரம். செக்ரோல் எழுதும் கை ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து அகரம் எழுதுவித்தால், அந்த மேசையின் தூரமும் குறையும்.

நான்காவது, தோட்ட நிர்வாகங்கள் உதவ முன்வந்தால் ஏற்றுக்கொள்வோம். வகுப்புக்கு இடமும் மின்விளக்கும் கொடுக்கட்டும். ஆனால் அந்த உதவியைச் சம்பளப் பேச்சுவார்த்தையில் சலுகையாக எடுத்துக்காட்ட ஒருபோதும் இடம் கொடுக்க மாட்டோம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவோம்.

இன்று பால்மரங்கள் குறைந்து செம்பனை பெருகிவிட்டது. நம் குடும்பங்கள் பல தோட்டத்தைவிட்டுப் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டன. மிஞ்சியிருக்கும் லயங்களில், நம் பிள்ளைகளோடு வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களின் பிள்ளைகளும் விளையாடுகிறார்கள். வெட்டுக்கத்தியை அடுத்த தலைமுறை எடுக்குமோ எடுக்காதோ நமக்குத் தெரியாது. எடுக்க வேண்டும் என்று நாம் ஆசைப்படவும் இல்லை. ஆனால் அவர்கள் எங்கே போனாலும் எவனாவது ஒருவன் ஒரு காகிதத்தை நீட்டி "இங்கே கையெழுத்துப் போடு" என்பான். அப்போது அவர்கள் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துப் பார்த்து, "இது சரியில்லை, போட மாட்டேன்" என்று சொல்ல வேண்டும்.

அதற்காகத்தான் கொடுப்பவர்கள் கொடுக்கிறார்கள். அதற்காகவே நாமும் கொடுக்க வேண்டும். அடுத்த கிளைக் கூட்டத்தில் ரசீதுப் புத்தகம் மேசைமேல் வரும்போது, தோழர்கள் கணக்கைக் கேளுங்கள். பிள்ளை வாசிப்பதையும் ஒருமுறை கேளுங்கள். பிறகு உங்கள் பெயரை எழுதுங்கள்.